பசை காய்வதற்கு முன்

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாட்ச்மேனுக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் டிபன் பாக்ஸைத் திறந்த குரங்கைக்கூட “போங்க, போங்க” என்றுதான் விரட்டினார். பழுப்பு ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, சட்டைப் பையில் ஊசியாகச் சீவிய பென்சில். பார்த்தவர்கள் யாரும் அவரை நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன்.

கோத்தகிரி சாலையில் மூடிக்கிடந்த ஒரு டீ ஃபேக்டரியின் மாடியில் எங்கள் லேப் இருந்தது. ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மாடி அது. மழைக்காலத்தில் பலகைகளிலிருந்து இன்னும் தேயிலை வாசம் கிளம்பும். அங்கே பசையால் ஒட்டிய ஒட்டுகள் எப்போது பிரியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. பிரிவதை உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.

காற்றாலையின் இறக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரே துண்டு போலத் தெரியும். உண்மையில் இரண்டு பாதிகளைப் பசை போட்டு ஒட்டியதுதான். அந்தப் பசையில் விரிசல் விட்டால் அது எவ்வளவு வேகமாக நீளும் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் வருவார்கள். நாங்கள் இரண்டு உலோகப் பட்டைகளை அதே பசையால் ஒட்டி, மெஷினில் மாட்டி, மெல்ல இழுத்து விட்டு, இழுத்து விட்டு, நாள் கணக்கில் ஆட்டுவோம். ஈரம் ஏறினால் பசை சீக்கிரம் தளரும். சமவெளியில் காசு செலவழித்து உண்டாக்க வேண்டிய ஈரம், எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும், தானாக உள்ளே வரும். லேப் மலையேறி வந்ததற்குக் காரணமே அதுதான்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. ஒட்டும்போதே பட்டைகளின் ஒரு நுனியில், பசைக்கு நடுவே, முடியைவிட மெல்லிய படலம் ஒன்றை வைத்துவிட வேண்டும். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுவார்களே, அந்தச் சரக்கில் செய்த படலம். அதில் எந்தப் பசையும் பிடிக்காது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒட்டுவது வேறு ஆளாக இருந்தாலும், படலத்தை மட்டும் அவர்தான் வைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி, குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல வைப்பார்.

“வெரிசல் எங்க ஆரம்பிக்கோணும்னு அதோட இஷ்டத்துக்கு உட்டா, நம்மளால கணக்குப் போட முடியாதுங்க அம்மிணி. நாமதான் எடம் காட்டோணும்” என்று ஒரு நாள் எனக்குச் சொன்னார்.

“படலத்துல என்ன சார் இருக்கு?”

“ஒண்ணுமே இல்லீங்க. ஒண்ணும் இல்லாததுதான் அதோட வேலையே. ஆனா பசை காயறதுக்கு முன்னாடி வெச்சுப்போடோணும். காஞ்சதுக்கப்பறம் எந்தக் கொம்பனாலயும் உள்ள நுழைய முடியாதுங்க.”

டெஸ்ட் தொடங்கும் முன்பே கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டு வைத்துவிடுவார். விரிசல் இன்ன நாளில் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்லும் கோடு. அதுதான் அவருடைய மாடல். பட்டையின் பக்கவாட்டில் நான் வொயிட்னர் பூசி, பென்சிலால் மில்லிமீட்டர் கோடுகள் இழுத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து விரிசலின் நுனியைத் தேடுவேன். வெள்ளைப் பூச்சில் அது கறுப்பு இழையாகத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு புள்ளியாக வைப்பார். புள்ளி கோட்டின்மேல் விழுந்தால் அன்று எல்லோருக்கும் சூடாக வர்க்கி பிஸ்கட் வரும். விழாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சாப்பிட மாட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிடுவார். 

அவரைச் சாப்பிட விடாமல் செய்த ஆள் டேனியல். பட்டைகளை ஒட்டுவது டேனியலின் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, தன் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒட்டுவார். அவர் ஒட்டிய பட்டைகளில் விரிசல் எப்போதும் கோட்டுக்குப் பின்தங்கியே வரும். ஒரு ஆடி மாதம், வாரக்கணக்காக மூடுபனி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு பட்டையில் விரிசல் பாதி வழியில் நின்றுவிட்டது. மெஷின் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தது. விரிசல் அசையவில்லை. கணக்குப் போட்டவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க டேனியல், என்னத்தப் போட்டு ஒட்டுனீங்க?”

“எப்பவும் போடற பசைதான் சார்.”

“இது நாயம் இல்லீங்களே” என்றார். கோபம் இல்லை, நிஜமான மனவருத்தம். மறுநாள் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டார். டேனியலும் நானும் அந்தப் பட்டையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் பேச்சு வளர்ந்து, குன்னூரில் இரண்டு வீட்டாருக்கும் தெரிந்து, சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்கும் வரை போனது. நாங்கள் போய்ச் சொன்னபோது அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருமுங்களா? நல்லதுங்க” என்றார்.

மெஷின் ஓட்டிய போஜனையும் செல்வத்தையும் பற்றி இங்கே சொல்ல வேண்டும். போஜன் படகர் வீட்டுப் பையன், செல்வம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் வழியில் வந்தவன். ஒருவன் டிபன் பாக்ஸில் இன்னொருவன் கை இருக்கும். ஒருவன் லீவு போட்டால் மற்றவன் அன்று யாரோடும் பேசமாட்டான். ஒரு நாள் டீ நேரத்தில் அவர் போஜனிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, “செல்வம் உங்களப் பத்தி நல்லாத்தானுங்க சொன்னாரு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். சொல்லிவிட்டு வர்க்கியை டீயில் நனைத்தார்.

அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது? திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. ஆனால் போஜன் செல்வத்திடம் “எம்மேல உனக்கு ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டான். “என்ன இருக்கு?” என்றான் செல்வம். “அப்பறம் ஏன் அவர்கிட்டப் போய்ப் பேசுனே?” “நான் என்னத்தப் பேசுனேன்?” இப்படியே நீண்டு, மழை விடுவதற்குள் இருவரும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன்பின் போஜன் வேலையை விட்டு டாக்சி ஓட்டப் போய்விட்டான். அந்த நாட்களிலெல்லாம் அவர் தூண் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு இருவரையும் பார்த்தபடி சாப்பிடுவார். நன்றாகச் சாப்பிடுவார்.

“சார், நீங்க அன்னிக்குச் சொன்னதுலதான இவ்வளவும்?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் நல்லாத்தானுங்களே சொன்னேன் அம்மிணி” என்றார். நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்டீர்களே என்பது போல என்னைப் பார்த்தார்.

அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்திருந்தார். என் அப்பா குன்னூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஃப்ளாஸ்க்கில் வெந்நீரோடு தினமும் வந்தவர் அவர்தான். அப்பா இறந்த அன்று மண்சரிவில் ரோடு அடைபட்டு, வண்டி பாதியில் நின்றுவிட்டது. குல்லா நனைய நனைய முன்னால் நடந்துபோய், சாலை வேலை செய்பவர்களிடம் கெஞ்சி, மண்ணை அள்ள வைத்து வழி வாங்கித் தந்தார். சொந்த அண்ணன் தம்பி செய்வார்களா என்று அம்மா கும்பிட்டாள். அவருக்கும் சொந்த அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கேத்தியில் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று வீடுகள், இடையில் ஆள் உயரத்துக்குத் தகர வேலி. அந்த வேலியைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. ரிசப்ஷன் மேடையில் நான் நடுவே நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். எனக்கு வலப்பக்கம் டேனியல். அவர் டேனியலின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி, குல்லாவைக் கழற்றிய தலையைச் சாய்த்து, டேனியலின் காதருகே ஏதோ சொல்கிறார். வாழ்த்து சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரிலும் மாட்டினோம்.

முதல் வருடத்தில் டேனியல் திடீர் திடீரென்று, பாத்திரம் துலக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, “உனக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்பார். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். இப்படிக் கேட்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்காவிடம் பெருமையடித்திருக்கிறேன். “ஒண்ணும் இல்லீங்களே” என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அதன்பிறகு, “நான் கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு” என்று ஆயிற்று. பிறகு “நீயா சொல்லுவேன்னு பாத்தேன்” என்றார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். என்னோடு படித்தவன் ஒருவன் போனில் பேசினால் எழுந்து வெளியே போவார். சினிமாவில் யாரோ அழுவதைப் பார்த்து நான் அழுதால், “எதுக்கு அழுவறே?” என்பார், ஒரு மாதிரிக் குரலில். 

காற்றாலைக் கம்பெனி தானே ஒரு லேப் கட்டிக்கொண்டதும் எங்கள் லேப் மூடப்பட்டது. நாங்கள் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். டேனியலுக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, எனக்கு ஒரு காலேஜ் லேப்பில். குழந்தை இல்லை. இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரம். அலமாரிச் சாவியை எங்கே வைத்தாய் என்று தொடங்கியது, எதையெல்லாமோ மறைப்பவள் என்ற இடத்தில் வந்து நின்றது. “எதை மறைச்சேன், சொல்லுங்க” என்றேன்.

“கல்யாணத்தன்னிக்கே சார் சொல்லிட்டாரு. ‘அந்த விசயத்த அவங்களே ஒரு நாள் சொல்லுவாங்க, நீங்களா கேக்காதீங்க’ன்னு. நானும் நேராக் கேக்காம இத்தனை வருசம் காத்துட்டு இருக்கேன்.”

“எந்த விசயம்?”

“அதத்தான நானும் கேக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு. இதற்கா இவ்வளவும்? போஜன் கதையைச் சொன்னேன். “இது படலம்ங்க. உங்களுக்குத் தெரியாததா? லேப்புல அவர் கையில இடுக்கியக் குடுத்ததே நீங்கதான. உள்ள ஒண்ணும் இருக்காது” என்றேன்.

டேனியல் என் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “படலம் ஒரு நுனியிலதான் இருக்கும். ஒட்டு நல்லா இருந்தா வெரிசல் அங்கயே நின்னிருக்கணும். இது இவ்வளவு தூரம் எப்படி வந்துச்சு?” என்றார்.

அதற்கு என்ன சொல்வது? படலம் தானாக எதையும் பிரிக்காது. இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அத்தனை வருடமும் ஆட்டிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான். அந்த ஆளின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியவில்லை. நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டினேன். அன்று நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் டேனியல் பீளமேட்டில் தனியாக ஒரு ரூம் பார்த்துவிட்டு வந்தார். அழுதேன், சண்டை போட்டேன், பைபிள் மேல் கை வைக்கிறேன் என்றேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “சார் வாயால ஒண்ணும் இல்லேன்னு சொல்லட்டும். ரூம் வேணாம்னு சொல்லிடறேன். அதுக்கப்பறம் ஜென்மத்துக்கும் இதப் பேசமாட்டேன்.” சொன்னால் செய்கிறவர் டேனியல். எனக்கு உயிர் வந்தது.

பிறந்து வளர்ந்த மலைக்கு இ-பாஸ் வாங்கிக்கொண்டு போனோம், எங்கள் வண்டி இப்போது கோவை நம்பர் வண்டி, வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம். கேத்தியில் அவர் வீட்டுச் சந்தில் கார் நுழையாது. டேனியல் மேலே ரோட்டோரம் இடம் தேடிப் போக, நான் இறங்கி முன்னால் நடந்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது. வாசலிலேயே நின்றிருக்க வேண்டும். டேனியல் வந்ததும் சேர்ந்து உள்ளே போயிருக்க வேண்டும். பதற்றத்தில் நேராக உள்ளே போய்விட்டேன்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்திருந்தார், மகள் ஆஸ்திரேலியாவில். மூச்சுக்கு ஒரு மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குல்லா அதேதான். “வாங்க அம்மிணி” என்று என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஆள் போட்டு டீயும் வர்க்கியும் வரவழைத்தார். நான் உட்காரவில்லை. இன்ன மாதிரி ஆகிவிட்டது, அன்றைக்கு நீங்கள் சொன்னதில் ஒன்றும் இல்லை என்று டேனியலிடம் சொல்லுங்கள், எங்கள் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“அவ்வளவுதானுங்களா? உள்ளதத்தான சொல்லச் சொல்றீங்க. சொல்லிப்போடறேனுங்க” என்றார்.

டேனியல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் கட்டிலில் இருந்தவரே தொடங்கினார். “அன்னிக்கு மேடையில நான் சொன்னனுங்களே டேனியல், அதுல ஒண்ணுமே இல்லீங்க. சும்மா சொன்னது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

டேனியலின் முகம் இளகியது. நான் பார்த்தேன். கண்ணோரமும் வாயோரமும் தளர்ந்து, லேப்பில் அந்தப் பட்டையைப் பார்த்துச் சிரித்த பழைய முகம் வந்தது. என் பக்கம் திரும்பப் போனார். அதற்குள் அவர் வர்க்கியை டீயில் நனைத்தபடி சொன்னார்.

“உங்க ஊட்டுக்காரம்மா இப்பத்தானுங்க வந்து சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்.”

டேனியலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரைத்தான் பார்த்தேன். அவர் கண்ணில் விஷமம் இல்லை, பகை இல்லை. மைக்ரோஸ்கோப்பில் குனியும்போது இருக்குமே, அந்தக் கண். டேனியலின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

இறங்கும் வழியில், பர்லியார் தாண்டியபிறகு, டேனியல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீதான் சொல்லச் சொன்னியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது நான் அவரிடம் சொல்லும் முதல் பொய்யாக இருந்திருக்கும். “ஆமா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, தன் துணிகளை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு பீளமேட்டுக்குப் போய்விட்டார்.

டேனியல் போனபின் நான் விளக்குகூடப் போடவில்லை, அதற்குள் போன் அடித்தது. மறுபக்கம் மூச்சு மெஷினின் சத்தம் கேட்டது.

“ஏனுங்க அம்மிணி, நல்லபடியா ஊடு போய்ச் சேந்தீங்களா?”

“சேர்ந்தாச்சு சார்.”

“ரெண்டு பேருமுங்களா?”

அங்கே எங்கேயோ ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு புள்ளிக்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலியாகத் திறந்துகிடந்த அலமாரியைப் பார்த்தபடியே சொன்னேன். “ரெண்டு பேருந்தான் சார். ரொம்ப நாளைக்கப்பறம் இன்னிக்குத்தான் இவர் மனசுவிட்டுச் சிரிச்சாரு. இப்ப சாப்பிட்டுட்டு இருக்காரு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“அப்படீங்களா” என்றார். “நெசமாலுங்களா?” என்று இன்னொரு தரம் கேட்டார்.

அதன்பிறகு மாதம் தவறாமல் நானே கூப்பிட்டேன். இவர் எனக்குப் புடவை எடுத்து வந்தார் என்பேன், வேளாங்கண்ணி போய்வந்தோம் என்பேன், எங்களுக்குள் சண்டையே வருவதில்லை என்பேன். ஒவ்வொன்றையும் யோசித்து, நம்பும்படி, சின்னச் சின்ன விவரத்தோடு சொல்வேன். “இது நாயம் இல்லீங்களே” என்று ஒரு முறை அவர் தனக்குள் முனகியது எனக்கு நன்றாகக் கேட்டது.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். காரியம் முடிந்தபின் மகள் போன் செய்தாள். “அப்பா கடைசி வரைக்கும் உங்க ரெண்டு பேரப் பத்தியேதானுங்க கேட்டுட்டு இருந்தாரு. என்னமோ கணக்கு தப்பிப்போச்சுன்னாரு. தட்டைக் கொண்டுபோய் வெச்சாப் பாப்பாரு, அப்படியே தள்ளி வெச்சுடுவாரு. சாப்பிடவே இல்லீங்க” என்று அழுதாள்.

அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்று ஒருத்திக்கு அளந்து அரிசி போட்டு, கறி வாங்கிக் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன்.